பிழைக்கென்று ஒரு கட்டம்

2015ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி, இருட்டத் தொடங்கிய நேரத்தில், மிச்சிகன் ஸ்டேடியத்தின் கடிகாரத்தில் பத்து நொடிகள் மீதமிருந்தன. 23க்கு 21 என்ற கணக்கில் மிச்சிகன் பல்கலைக்கழக அணி முன்னிலையில் இருந்தது. எதிரணி பக்கத்து ஊர்க்காரர்களான மிச்சிகன் ஸ்டேட். பங்காளிகளுக்குள் நடக்கும் வழக்கைப் போன்றதுதான் இந்த இரு பல்கலைக்கழகங்களின் அமெரிக்க ஃபுட்பால் பகை. ஒரே அலுவலகத்தில், சில வீடுகளில் ஒரே கூரையின் கீழ்கூட, இரண்டு நிறச் சட்டைகளையும் பார்க்கலாம். அன்று அரங்கில் இருந்த 1,11,740 பேரில் நானும் ஒருவன். வெளியே கிளம்பும் நெரிசலுக்கு முன்பே போய்விடலாம் என்று நினைத்து என் பையின் ஜிப்பை இழுத்து மூடியது நன்றாக நினைவிருக்கிறது.

இந்த அரங்கத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1927இல் கட்டப்பட்ட அதன் பெரும்பகுதி தரைக்குக் கீழே தோண்டப்பட்ட கிண்ணம். நுழைவாயிலைக் கடந்ததும் மேலே ஏறுவதற்குப் பதிலாக, கிண்ணத்தின் விளிம்பில் நின்றுகொண்டு கீழே இறங்க வேண்டியிருக்கும். இருக்கை என்று சொல்வது எண் எழுதிய நீளமான பெஞ்சுதான். ஓர் ஆளுக்கு ஒதுக்கிய அகலத்தில் குளிர்கால அங்கியோடு ஓர் ஆள் உட்கார முடியாது என்பதால், அறிமுகமில்லாத பக்கத்து இருக்கைக்காரரோடு மூன்றரை மணி நேரம் தோளோடு தோள் உரசிக்கொண்டிருப்போம். என் வலப்பக்கம் இருந்தவர் எழுபது வயதைத் தாண்டிய பெரியவர். தந்தையின் காலத்திலிருந்தே அந்த இடம் தங்கள் குடும்பத்துடையது என்று சொன்னார். தேய்ந்துபோன நீலத் துணி மெத்தை ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

மிச்சிகனுக்கு அது நான்காவது முயற்சி. இந்த ஆட்டத்தில் பத்து யார்டு முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. மூன்றில் முடியாவிட்டால், பெரும்பாலும் நான்காவதில் பந்தை எதிரணியின் எல்லைக்குள் தொலைவாக உதைத்துவிடுவார்கள். அந்த உதைதான் பன்ட். அதைச் செய்ய வேண்டியவர் பிளேக் ஓ'நீல், மெல்போர்னிலிருந்து வந்த மாணவர். ஆஸ்திரேலிய விதிகளின்படி ஆடும் ஃபுட்பாலில் வளர்ந்த கால் அவருடையது. அதே ஆட்டத்தில் அவர் உதைத்த ஒரு பன்ட் 80 யார்டு போனது. பன்டராக ஒருவர் ஒரு நாளில் செய்யக்கூடியதை அவர் அன்று முன்னமே செய்துவிட்டிருந்தார்.

ஆட்டத்தைத் தொடங்க முன்வரிசை வீரர் கால்களுக்கிடையே பின்னால் எறியும் பந்து, அதாவது ஸ்னாப், தாழ்வாக வந்தது. அவர் குனிந்தார், பந்து கைகளில் பட்டு நழுவியது. அப்படியே அதன் மேல் விழுந்து படுத்திருந்தால் ஓரிரு நொடிகள் கரைந்திருக்கும், எதிரணிக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் பன்டரின் உடம்புக்குப் பழகியது உதைப்பது ஒன்றே. பந்தை எடுத்துத் திரும்பி உதைக்க முயன்றபோது மோதினார்கள். பந்து எகிறி, ஓடிவந்த ஜேலன் வாட்ஸ்-ஜாக்சன் என்ற மிச்சிகன் ஸ்டேட் வீரரின் கையில் போய்ச் சேர்ந்தது. 38 யார்டு ஓடினார். அவர் கோல் கோட்டைக் கடந்தபோது கடிகாரத்தில் சுழியம். 27க்கு 23. அந்த ஆட்டம் முழுவதும் ஒரு நொடிகூட முன்னிலையில் இல்லாத அணி, நொடிகளே மிச்சமில்லாத பிறகு முன்னிலைக்கு வந்தது. அந்த ஓட்டத்தின் முடிவில் வாட்ஸ்-ஜாக்சனின் இடுப்பு எலும்பு முறிந்தது என்பதைப் பிறகு செய்தியில்தான் படித்தேன். வாழ்நாளின் மிகப் பெரிய ஓட்டத்தை ஓடியவர் மருத்துவமனைக்குப் போனார்.

ஒரு லட்சம் பேர் அமைதியாவதற்கென்று தனியாக ஓர் ஓசை இருக்கிறது. கிண்ணத்தின் ஒரு மூலையில் பச்சைச் சட்டைக்காரர்கள் அலறிக்கொண்டிருந்தது வேறு ஊரில் நடக்கும் திருவிழாவைப் போலக் கேட்டது. மற்றவர்கள் இரண்டு கைகளையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார்கள். நானும் அப்படித்தான் நின்றிருந்தேன் என்பதைக் கை வலித்தபோதுதான் உணர்ந்தேன். பெரியவர் தன் மெத்தையை எடுத்து இரண்டாக மடித்து, நாடாவைச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு சரியாக விழவில்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டார். பிறகு, யாரிடம் என்றில்லாமல், அந்தப் பையன் இன்றைக்கு எண்பது யார்டு உதைத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார்.

அவருடைய பெருந்தன்மை எனக்கு இல்லை. கார் நிறுத்தியிருந்த கோல்ஃப் மைதானப் புல்வெளியில், வண்டிகள் நகராமல் நின்ற முக்கால் மணி நேரத்தில், பழைய அறைத்தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த பன்டரைப் பற்றி நான் எழுதிய வாக்கியத்தை இங்கே எடுத்தெழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இணையத்தில் மற்றவர்கள் அவருக்கு எழுதியவை அதைவிடக் கொடியவை. சம்பளம் வாங்காத ஒரு கல்லூரி மாணவருக்கு வந்த வசைகளையும் மிரட்டல்களையும் கண்டு, அப்போது பல்கலைக்கழகத்தின் இடைக்கால விளையாட்டு இயக்குநராக இருந்த ஜிம் ஹேக்கெட், அவற்றைக் கண்டித்துத் திறந்த மடல் எழுத வேண்டியிருந்தது.

என் வாக்கியத்துக்கு ஒரே ஒரு பதில்தான் வந்தது. "அம்பயர் ஜாய்ஸுக்காகக் கண் கலங்கினேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறவன்தானே நீ?" என்று கேட்டிருந்தான் நண்பன். அவன் சொன்னது பேஸ்பால் கதை. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 

நான் மேற்படிப்புக்காக மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பருக்கு வந்தது 2006 ஆகஸ்டில். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2003இல், ஒரே பருவத்தில் 119 தோல்விகளைச் சந்தித்த டெட்ராய்ட் டைகர்ஸ் அணி, அந்த இலையுதிர்காலத்தில் வென்றுகொண்டே இருந்தது. எங்கள் அறையில் யாருக்கும் ஆட்டம் புரியாது. கிரிக்கெட்டில் வளர்ந்த கண்ணுக்கு, மட்டையாளர் அடித்துவிட்டு மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவது கொஞ்ச நாள் வேடிக்கையாகவே இருந்தது. அக்டோபர் 14 இரவு, ஓக்லண்ட் அணிக்கு எதிராக, 3க்கு 3 என்ற சமநிலையில், ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட்டான பிறகு, மாக்லியோ ஓர்டோன்யெஸ் அடித்த பந்து இடப்பக்க வேலிக்கு மேலே போனது. அடித்த கணத்திலேயே அது திரும்பி வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது; எங்களுக்கும் தெரிந்தது. அன்றிரவு முதல் எனக்கு பேஸ்பால் புரியத் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

அதற்கடுத்து, பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில் செயின்ட் லூயிஸ் அணியிடம் டெட்ராய்ட் 4க்கு 1 என்று தோற்றது. தோற்ற விதம்தான் விசித்திரம். ஐந்து ஆட்டங்களிலும், ஆட்டத்துக்கு ஒன்றாக, டெட்ராய்டின் பிட்சர்களே, அதாவது மட்டையாளருக்குப் பந்தெறிகிறவர்களே, பிழைகள் செய்தார்கள். அறுபது அடி தொலைவில் ஒரு முறத்தளவு இடத்துக்குள் மணிக்குத் தொண்ணூற்றைந்து மைல் வேகத்தில் பந்தைச் செருகத் தெரிந்தவர்களுக்கு, காலடியில் உருண்டு வந்த பந்தை எடுத்துப் ஓடுகிறவர் தொட வேண்டிய பேஸில் நிற்கும் தோழரிடம் சாவகாசமாகக் கொடுக்கத் தெரியவில்லை. ஜஸ்டின் வெர்லாண்டர்கூட மூன்றாவது பேஸுக்கு எறிந்ததை எல்லைக்கோட்டுப் பக்கம் ஓடவிட்டார்.

அப்போதுதான் அந்தப் பலகையைக் கவனித்தேன். பேஸ்பாலின் ஸ்கோர் பலகையில் ஓட்டங்கள், அடித்துப் பத்திரமாக பேஸை எட்டிய ஹிட்கள் என்பவற்றுக்கு அடுத்து, பிழைகளுக்கென்று மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கிறது. நான் அறிந்த வேறெந்த விளையாட்டும் தன் பிழைகளை எண்ணி, விளக்கு வெளிச்சத்தில், ஊரறிய எழுதிவைப்பதில்லை. முதலில் அது கொடுமையாகப் பட்டது. நாளாக ஆக அதில் ஒரு நிம்மதி இருப்பதாகத் தோன்றியது: எழுதியாயிற்று, எல்லோரும் பார்த்தாயிற்று, அடுத்த பந்து.

2010 ஜூன் 2, புதன்கிழமை. வேலைக்குச் சேர்ந்திருந்த நானும் அதே நண்பனும் மலிவான இருக்கைகளில் அமர்ந்து டைகர்ஸின் அரங்கமான கொமெரிக்கா பார்க்கில் கிளீவ்லண்டுக்கு எதிரான ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கூட்டம் பதினெட்டாயிரம்கூட இல்லை. அதற்குள் நான் ஸ்கோர்கார்டு எழுதப் பழகியிருந்தேன். ஒன்பது தடுப்பு வீரர்களுக்கும் எண்கள் உண்டு: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ்காரர் 3 என்று தொடங்கி வலப்பக்கத் தொலைவில் நிற்பவர் 9 வரை. இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் 6ஆம் எண் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் கட்டத்தில் 6-3 என்று எழுத வேண்டும். பென்சிலால்தான் எழுத வேண்டும் என்பது சொல்லிக்கொடுத்தவரின் கண்டிப்பு.

அன்று ஆர்மாண்டோ கலாராகா எறிந்துகொண்டிருந்தார். எதிரணிக் கட்டங்கள் அனைத்திலும் அவுட் மட்டுமே விழுந்தது. ஆறாவது இன்னிங்ஸுக்குப் பிறகு அதைப் பற்றி வாய்திறந்து பேசக் கூடாது என்பது ஐதீகம், பேசினால் கண்பட்டுவிடும். திருஷ்டியை நம்புவதற்கு எங்களுக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. 27 பேரையும் ஒருவர் விடாமல் அவுட்டாக்குவதுதான் பர்ஃபெக்ட் கேம். அதுவரையிலான மொத்த வரலாற்றிலும் அது இருபது முறைதான் நடந்திருந்தது. டைகர்ஸ் பிட்சர் யாரும் செய்ததில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் அடி சென்டர் ஃபீல்டின் ஆழத்துக்குப் பறந்தபோது எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டியபடியே ஓடி, தோளுக்கு மேலாகப் பார்த்து அதைப் பிடித்தார். என் வாழ்நாளில் நேரில் கண்ட மிகச் சிறந்த கேட்ச் அதுதான். அடுத்து நடந்தது அதை மறக்கடித்துவிட்டது என்பது ஜாக்சனுக்கு நேர்ந்த அநியாயம்.

இருபத்தேழாவது மட்டையாளர் ஜேசன் டொனால்டு. பந்து முதல் பேஸுக்கும் இரண்டாவது பேஸுக்கும் நடுவே உருண்டது. மிகேல் கப்ரேரா நகர்ந்து எடுத்து, பேஸை நோக்கி ஓடிவந்த கலாராகாவிடம் எறிந்தார். பந்து கையுறைக்குள் விழும் முன்பே நான் 3-1 என்று எழுதிவிட்டேன். தலையை நிமிர்த்தியபோது அம்பயர் ஜிம் ஜாய்ஸின் இரு கைகளும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. அவுட் இல்லை.

கலாராகா சிரித்தார். கோபமோ கிண்டலோ இல்லாத, நம்ப முடியாதவனின் சிரிப்பு. பிறகு பிட்சர் நின்று எறியும் மேட்டுக்குத் திரும்பிப்போய் அடுத்தவரை அவுட்டாக்கி ஆட்டத்தை முடித்தார். அரங்கமே கத்திக்கொண்டிருந்தது, நானும் தொண்டை கட்டும் வரை கத்தினேன். ஆட்டத்துக்குப் பிறகு வீடியோவைப் பார்த்த ஜாய்ஸ் தன் தவறை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, கலாராகாவைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார் என்பது இரவுச் செய்தியில் வந்தது. பலகையில் பிழைக்கான கட்டத்தில் டெட்ராய்டுக்குச் சுழியம்தான் இருந்தது. அம்பயரின் பிழையை எழுத அங்கே இடமில்லை.

மறுநாள் பிற்பகலே அதே அணிகளுக்கு ஆட்டம். மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டில் அம்பயராக நிற்கும் முறை ஜாய்ஸுக்கு. அணிப் பட்டியலை அம்பயரிடம் கொடுக்க மேலாளர் போவதுதான் வழக்கம். அன்று கலாராகா அதை எடுத்துக்கொண்டு வந்தார். ஜாய்ஸ் கண்களைத் துடைத்துக்கொண்டு, அவர் தோளில் தட்டிக் கொடுத்தார். அலுவலக உணவறையின் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஓ'நீலிடம் காட்ட முடியாத தாராளத்தை ஜாய்ஸிடம் மட்டும் எப்படிக் காட்டினேன் என்று, நண்பனின் கேள்விக்குப் பிறகு பல முறை யோசித்திருக்கிறேன். ஒரு பகுதி கலாராகாவின் குணம். அவரே சிரித்துவிட்ட பிறகு நான் எதை வைத்துக் கோபப்படுவது? ஆனால் பெரும்பகுதி நாட்காட்டிதான் என்று நினைக்கிறேன். பேஸ்பாலில் பருவத்துக்கு 162 ஆட்டங்கள். இரவு தூங்கி எழுந்தால் பிற்பகலில் புதுப் பலகை, புதுச் சுழியங்கள். கல்லூரி ஃபுட்பாலில் வழக்கமான பருவத்துக்குப் பன்னிரண்டே ஆட்டங்கள். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் மென்றுதான் விழுங்க வேண்டும். போதாக்குறைக்கு 2015இல் அந்தத் தோல்விக்கு அடுத்த வாரம் மிச்சிகனுக்கு ஆட்டமே இல்லை. பதினான்கு நாட்கள் அந்த ஒரு ஸ்னாப்பை மட்டுமே தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. நாங்களும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். ஓ'நீலுக்கு மறுநாள் பிற்பகல் என்ற ஒன்று கொடுக்கப்படவேயில்லை.

அக்டோபர் 31 அன்று மினசோட்டாவில் 29க்கு 26 என்று வென்றோம். அங்கேயும் கடைசி நொடிகளைக் கோட்டைவிட்டது எதிரணி. கோட்டுக்கு அருகே நின்றுகொண்டு கடிகாரத்தை ஓடவிட்டுவிட்டார்கள். நான் துள்ளிக் குதித்தேன். அவர்களுடைய ஊரிலும் யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்துகொண்டிருப்பார் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதன் பிறகு நல்ல நாட்களும் வந்தன. 2021இல் பனி பெய்ய ஒஹாயோ ஸ்டேட்டை 42க்கு 27 என்று வென்றதும், 2024 ஜனவரியில் தேசியப் பட்டம் வென்றதும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பட்டப் போட்டியின் மூன்று ஆட்டக் காட்சிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னால் எனக்குத் தடுமாறும். தாழ்ந்து வந்த அந்த ஸ்னாப்பை மட்டும் எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

கலாராகா ஆட்டத்தின் ஸ்கோர்கார்டு என்னிடம்தான் இருக்கிறது. அன்று ஹிட் என்று மாற்றி எழுதுவதற்காக ரப்பரை எடுத்து, அழிக்க மனமில்லாமல், 3-1க்குப் பக்கத்திலேயே சின்னதாக ஹிட்டுக்கான கோட்டைப் போட்டுவைத்தேன். நண்பன் எப்போது வீட்டுக்கு வந்தாலும் அதை எடுத்துப் பார்ப்பான். ஒரே கட்டத்தில் இரண்டையும் எழுதக் கூடாது, இது விதிப்படி தவறு என்பான். தவறுதான் என்று நானும் ஒப்புக்கொண்டு, வாங்கி உள்ளே வைத்துவிடுவேன்.