தூரத்துப் பள்ளியா, பக்கத்துப் பள்ளியா

மார்ச் 4

எல்லோரும் சொல்லும் அந்த மழலையர் பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டடம் அழகு, சரி. என்னை அசைத்தது வேறு. ஒரு பையன் ஷூவைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு அழுதான். மிஸ் அதைக் கழற்றி மாட்டிவிடவில்லை. அவன் எதிரே தரையில் உட்கார்ந்து, "எங்க வலிக்குது, காட்டு" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அவனே கழற்றினான், அவனே மாற்றிப் போட்டான். அவர் அவசரப்படவே இல்லை. மூன்று வயது மகளுக்கு நான் தேடுவது இந்தப் பொறுமையைத்தான்.

ஆனால் ஃபீஸ் எங்கள் வீட்டு வாடகையைத் தாண்டுகிறது. போவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது.

மார்ச் 6

மகள் தூங்கியதும் படிக்க உட்கார்ந்தேன். மழலையர் பள்ளி என்றாலே எடுத்துக்காட்டாகச் சொல்வது அமெரிக்காவின் மிச்சிகனில் 1962-ல் தொடங்கிய பெர்ரி ஆய்வை. மொத்தம் 123 குழந்தைகள். அதில் 58 பேரை மட்டும் பள்ளியில் சேர்த்து, எல்லோரையும் 40 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளிக்குப் போனவர்களின் வருமானம் கூடியிருந்தது, கைதானவர்கள் குறைவு. படித்தவுடன் கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாம் என்று தோன்றியது.

அப்புறம் நிதானமாகப் பார்த்தேன். அவர்கள் மிக ஏழ்மையான வீட்டுப் பிள்ளைகள். ஒப்பிட்டது பள்ளிக்கே போகாதவர்களோடு. விலை கூடிய பள்ளியைச் சாதாரணப் பள்ளியோடு அல்ல. வகுப்பும் காலையில் இரண்டரை மணி நேரம்தான். வாரம் ஒருமுறை ஆசிரியை வீட்டுக்கே வந்து தாயோடும் பிள்ளையோடும் ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறார். எங்கள் கேள்விக்கு இதில் பதில் இல்லை.

மார்ச் 9

"வண்டியில கதை சொல்லிக்கிட்டே போகலாமே" என்கிறார் கணவர். காலையில் முடியும். மாலையில் களைத்துப்போன குழந்தையிடம் என்ன கதை? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கையில் கட்டிவைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. மூன்று, நான்கு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. விடியுமுன் எழுப்பினால் மாலை விளையாட்டைத்தான் வெட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் 1997-ல் தொடங்கி ஏறக்குறைய 3,000 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. நல்ல பள்ளி பலன் தருகிறது. ஆனால் அரை நாள் போனவர்களைவிட முழு நாள் போனவர்கள் அதிகம் பெறவில்லை. வீட்டில் படித்துக் காட்டுவதும் பாடுவதும் சேர்ந்து விளையாடுவதும் பெரிய வித்தியாசம் செய்திருக்கின்றன. தூரம் பறிப்பது சரியாக அந்த நேரத்தைத்தான்.

மார்ச் 13

நடந்தே போகக்கூடிய சின்னப் பள்ளிக்குப் போனேன். சுவரில் பெயிண்ட் உரிந்திருக்கிறது. ஒரு மிஸ்ஸுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். பத்துக்குள் இருந்தால் இன்னும் நிம்மதி. எழுத்தின் மேல் எழுதிப் பழகும் தாள்களைக் கத்தையாக வைத்திருந்தார்கள். மூன்று வயதில் அது எதற்கு? கேட்டேன். விருப்பமில்லாத பிள்ளை கட்டைகளோடு விளையாடலாம் என்றார்கள். உண்மைதான், மூலையில் இரண்டு பேர் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மிஸ்கள் வருடக்கணக்காக அங்கேயே இருக்கிறார்கள். யாருக்கு எந்தப் போர்வை இல்லாவிட்டால் தூக்கம் வராது என்பதுவரை தெரிந்திருக்கிறது. மிஸ்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று தூரத்துப் பள்ளியிடம் ஃபோனில் கேட்டபோது பயிற்சித் திட்டம் பற்றித்தான் பேசினார்கள். ஷூ விஷயத்தில் அப்படிக் காத்திருந்தவர் அடுத்த ஆண்டும் இருப்பாரா என்பதற்குப் பதில் வரவில்லை.

மார்ச் 15

பக்கத்துப் பள்ளிதான். கணவருக்கு இன்னும் முழு மனதில்லை. ஆண்டின் நடுவில் உட்கார்ந்து மறுபடி பேசலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறோம். மிச்சமாகும் ஃபீஸை வேறு எந்த வகுப்பிலும் போடப்போவதில்லை. அதை நம்பி நான் வேலை நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். முதல் வாரம் அவளோடு வகுப்பில் உட்கார அனுமதி கேட்டிருக்கிறேன். தாள் விஷயத்தை அப்போது இன்னொரு முறை பேச வேண்டும்.