இருட்டையும் விட்டுவையுங்கள்: பாழடைந்த கட்டடங்களின் எச்.டி.ஆர். படங்களைத் திருத்துவது

பாழடைந்த கட்டடத்தின் எச்.டி.ஆர். படத்தை (வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்த்தது) திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத்தான். ஜன்னல் வழியாக வந்தது எதிர்ச் சுவரில் விழுந்து, தரையில் பட்டு, மூலைக்குப் போகப் போக மங்கியாக வேண்டும். இந்த வகைப் படங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரம், ஜன்னல் சட்டம், அறையின் கடைக்கோடி மூலை மூன்றும் ஒரே அளவு பளிச்சென்று நிற்கும். அப்புறம் எந்த ஸ்லைடரை இழுத்தாலும் அந்த அறை திரும்பி வராது. கீழே சொல்லும் எல்லா வேலைகளுக்கும் நோக்கம் ஒன்றுதான்: விவரம் தெரிய வேண்டும், ஆனால் வெளிச்சத்தின் வரிசை கலையக் கூடாது.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இதற்கான கட்டடங்கள் இரண்டு விதம். ஒன்று, ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் இன்னும் மிச்சமிருக்கும் கண்டோன்மென்ட் பங்களாக்கள். தடித்த சுவர், சின்ன ஜன்னல், அதற்கு மேல் மெல்லிய மரச்சட்டங்களால் கூராக நீட்டிய ‘மங்கி டாப்’. உள்ளே நல்ல இருட்டு. இன்னொன்று, கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் கோலார் தங்கவயல். 1880-ல் ஜான் டெய்லர் நிறுவனம் தொடங்கி, 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட சுரங்கம். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகும் கிளைப்பாதையில் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு தமிழ்க் குடியிருப்பின் பெயர்தான். அங்கே கூரை பறிபோன தகரக் கொட்டகைகள், ஓட்டு வீடுகள், வானத்தை நோக்கித் திறந்த அறைகள். பங்களாவில் சிக்கல் ஜன்னல். தங்கவயலில் சிக்கல் தலைக்கு மேல் தெரியும் வானம். எடுப்பதிலும் திருத்துவதிலும் இந்த வித்தியாசம் கடைசிவரை கூடவே வரும்.

எடுக்கும்போது சரியாக இல்லாததைத் திருத்தும்போது சரிசெய்ய முடியாது என்பதால் முதலில் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ரைபாட், ரா (கேமரா பதிந்தபடியே இருக்கும் கோப்பு), ஐஎஸ்ஓ 100, எஃப் 8. ஷட்டரை மட்டும் மாற்ற வேண்டும். அப்பர்ச்சரை மாற்றினால் ஃபோகஸின் ஆழமும் ஓரக் கருமையும் படத்துக்குப் படம் மாறி, சேர்க்கும்போது விளிம்புகள் ஒத்துவராது. வெயில் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே 1/250 நொடி தேவைப்பட்டால், உள்மூலைக்கு 1 நொடியாவது வேண்டியிருக்கும். 1/250, 1/60, 1/15, 1/4, 1 என்று இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) ஐந்து படங்கள் போதும். ஒரு ஸ்டாப் இடைவெளியில் ஒன்பது எடுப்பதால் பெரிய லாபமில்லை, செடியும் மேகமும் அசைவதற்கு நேரம் கொடுத்ததாகத்தான் ஆகும். மூன்று ஸ்டாப் வைத்தால், ஒரு படம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சுவர்மேல் இரைச்சல் (பொடிப்பொடியான புள்ளிகள்) பட்டையாகத் தெரியும். மிக இருண்ட படத்தின் ஹிஸ்டோகிராம் (இடமிருந்து வலமாக இருளிலிருந்து வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) வலது சுவரைத் தொடக் கூடாது. மிக வெளிச்சமான படத்தின் ஹிஸ்டோகிராம் இடது சுவரை விட்டு நன்றாக விலகியிருக்க வேண்டும். ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் பூட்டி, ஆட்டோஃபோகஸையும் லென்ஸின் ஆட்டத்தடுப்பையும் அணைத்துவிட வேண்டும். லென்ஸ் முன்னால் இருக்கும் யு.வி. ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். ஏன் என்று ஜன்னல் கம்பிகளைப் பற்றிப் பேசும்போது தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெங்களூர் வானம் மூடியிருக்கும் நாட்கள் இந்த வேலைக்குத் தங்கமானவை. வெளியே இரண்டு மூன்று ஸ்டாப் குறைந்துவிடுவதால் மூன்று படங்களிலேயே பல அறைகள் அடங்கிவிடும்.

இனி சேர்ப்பது. இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, படங்களிலிருந்து உண்மையான ஒளி அளவைக் கணக்கிட்டு ஒரே பெரிய கோப்பாக்கி, பிறகு அதைத் திரைக்கு ஏற்றபடி அமுக்குவது. 1997-ல் டெபெவெக்கும் மாலிக்கும் வெளியிட்ட முறையின் வழியில் வந்தது இது. லைட்ரூமின் எச்.டி.ஆர். மெர்ஜ், ஃபோட்டோமேட்டிக்ஸ், டார்க்டேபிள் ஆகிய மென்பொருள்களில் செய்யலாம். இன்னொன்று ‘எக்ஸ்போஷர் ஃப்யூஷன்’. 2007-ல் மெர்டென்ஸ் குழுவினர் சொன்ன இந்த முறையில் ஒளி அளவைக் கணக்கிடுவதே இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தப் படத்தில் கான்ட்ராஸ்ட், நிறச்செறிவு, வெளிச்சம் மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று எடை போட்டுக் கலக்கிறது. இலவச மென்பொருளான என்ஃப்யூஸ் இதைத்தான் செய்கிறது.

பங்களா அறைக்கு நான் சொல்வது லைட்ரூம் மெர்ஜ். காரணம், சேர்த்து வரும் டி.என்.ஜி. கோப்பு இன்னும் ரா போலவே நடந்துகொள்ளும். எக்ஸ்போஷர் ஸ்லைடர் வழக்கமான 5-க்குப் பதில் 10 ஸ்டாப் வரை இரு பக்கமும் போகும், ஒயிட் பேலன்ஸை பிறகும் மாற்றலாம். ‘ஆட்டோ செட்டிங்ஸ்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அது முதல் வேலையாக ஷேடோவை (இருண்ட பகுதிகளை) ஏற்றி, ஹைலைட்டை (வெளிச்சப் பகுதிகளை) இறக்கி, நாம் தவிர்க்க நினைக்கும் படத்தையே கையில் கொடுக்கும். தங்கவயல் கொட்டகைகளுக்கு என்ஃப்யூஸ் நன்றாக வரும். வானத்துக்கும் தகரத்துக்கும் நடுவே நீண்ட கூரைவிளிம்பு இருக்கும் காட்சியில் அது வெள்ளை வளையம் போடுவது குறைவு. ஆனால் அது கொடுக்கும் படம் கொஞ்சம் சப்பையாக இருக்கும், கறுப்பைத் திரும்ப இறக்க வேண்டியிருக்கும்.

சேர்த்த கோப்பில் முதல் வேலை, சுவரையும் மூலையையும் எண்ணால் பார்ப்பது. லைட்ரூமில் கர்சரை வைத்தால் ஹிஸ்டோகிராமுக்குக் கீழே சதவீதம் தெரியும். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர் 60–65, கடைசி மூலை 8–12, ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே 93–97. இந்த மூன்று எண்களைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தால் படம் பெரும்பாலும் தப்பிவிடும். உண்மையில் 9 ஸ்டாப்புக்கு மேல் இருந்த தூரத்தை 6, 7 ஸ்டாப்புக்குள் அடக்குகிறோம் என்றுதான் இதற்கு அர்த்தம், வரிசை மாறவில்லை. வெளியே உள்ள மரத்தின் இலை இலையாகத் தெரிய வேண்டும் என்று 70-க்கு இறக்கினால் ஜன்னல் சுவரில் மாட்டிய காலண்டர் படம்போல ஆகிவிடும். மூலையை 25-க்கு ஏற்றினால் அங்கே விளக்கு ஒன்று எரிவதாகப் பார்ப்பவர் நினைப்பார். ஆள் இல்லாத வீட்டில் எரியும் விளக்கு பொய்.

கறுப்புப் புள்ளியை வைக்க, ஆல்ட் விசையை அழுத்தியபடி பிளாக்ஸ் ஸ்லைடரை இறக்குங்கள். சுவர் வெடிப்பின் ஆழத்திலும் கதவிடுக்கிலும் முதல் பொட்டுகள் தோன்றும் இடத்தில் நிறுத்தினால் போதும். எல்லாம் முடிந்தபின் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி, நிறத்தை நீக்கிப் பாருங்கள். அந்தச் சின்ன கறுப்பு வெள்ளைப் படத்திலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று உடனே தெரிய வேண்டும்.

ஜன்னல் கம்பிகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். 1 நொடிப் படத்தில் வெளி வெளிச்சம் அளவுக்கு மீறி லென்ஸுக்குள் புகுந்து, கண்ணாடிப் பரப்புகளுக்கு நடுவே பட்டுத் தெறித்து, பக்கத்தில் இருக்கும் கறுப்புக் கம்பிமீது வெண்படலமாகப் படர்கிறது. யு.வி. ஃபில்டரும் லென்ஸின் முன்கண்ணாடியில் இருக்கும் விரல்ரேகையும் தூசியும் இதைக் கூட்டும். தங்கவயலில் சயனைடு மேடுகளிலிருந்து (தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவுக் குவியல்கள்) காற்றில் வரும் சாம்பல் நிறத் தூள் லென்ஸில் படிந்தால் இதே கதைதான். அதனால் அங்கே திறந்தவெளியில் லென்ஸ் மாற்றவும் கூடாது. மென்பொருள் கம்பி இருட்டாக இருப்பதைப் பார்த்து, வெளிச்சமான படத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. படலமும் சேர்ந்தே வருகிறது. விளைவு, துருப்பிடித்த இரும்புக் கம்பி வெளிறிய சாம்பல் குச்சியாகிறது. மங்கி டாப்பின் மரச்சட்டங்களில் இது இன்னும் மோசம், ஏனென்றால் ஒவ்வொரு சட்டத்துக்கும் இரு பக்கமும் வானம்.

க்ளாரிட்டி, டீஹேஸ் ஸ்லைடர்கள் இதைத் தீர்க்காது. சேர்த்த படத்தை ஃபோட்டோஷாப்பில் கீழே வைத்து, 1/60 படத்தை அதே லென்ஸ் ப்ரொஃபைலோடு மேல் லேயராக வையுங்கள். இரண்டையும் ‘ஆட்டோ அலைன்’ செய்து, மேல் லேயருக்குக் கறுப்பு மாஸ்க் (அந்த லேயரை மறைத்துவைக்கும் திரை) போட்டு, 10–15 சதவீத ஃப்ளோவில் மென்மையான தூரிகையால் கம்பிகள் மீது மட்டும் வெள்ளையைத் தடவி வாருங்கள். ஒரே தடவில் முடிக்கப் பார்க்காதீர்கள். நாலைந்து தடவலில் இருள் தானாக ஏறும். கம்பி கறுத்தவுடன் ஜன்னலின் வெளிச்சம் நம்பும்படி ஆகிவிடுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம்.

வெள்ளை வளையம் வேறு வியாதி. கூரைவிளிம்புக்கு மேல் வானம் வெளிறியும், கொஞ்சம் தள்ளிப் போனால் கறுத்தும் தெரியும். மென்பொருள் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள பகுதியோடு ஒப்பிட்டு வெளிச்சத்தை மாற்றுவதால் வருவது இது. சுற்றுப்பகுதியில் பாதி இருண்ட சுவர் என்றால் வானத்தையும் சேர்த்து ஏற்றிவிடும். ஃபோட்டோமேட்டிக்ஸில் ஸ்ட்ரெங்த்தைக் குறைப்பதும், லைட்டிங் அட்ஜஸ்ட்மென்ட்ஸை இயற்கைப் பக்கம் தள்ளுவதும் உதவும். லைட்ரூமில் ஹைலைட்ஸை −100, ஷேடோஸை +100 என்று இரு முனைக்கும் இழுத்தால் இதே வளையம் வரும். பாதியில் நின்றுவிட்டு, மீதியை வானத்துக்கும் சுவருக்கும் தனித்தனி மாஸ்க்கில் செய்யுங்கள்.

நிறத்துக்கு வருவோம். பாழ்கட்டடத்தில் நிறம்தான் வயதைச் சொல்கிறது: பாசி, துரு, உப்புப் பூத்த சுண்ணாம்பு, ரெட் ஆக்சைடு தரை. ஒளியை அமுக்கும்போது நிறச்செறிவு ஏறுவதால் இவை எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கும். மொத்த சாச்சுரேஷனைக் குறைத்தால் சுவர் செத்துவிடும். அதனால் பச்சையையும் மஞ்சளையும் மட்டும் −15 முதல் −25 வரை இறக்குங்கள். ஆரஞ்சைத் தொடுவதற்கு முன் தரையைப் பாருங்கள். ரெட் ஆக்சைடில் சிவப்புச் சானல் மற்ற இரண்டுக்கும் முன்பே முட்டிவிடும். ஹிஸ்டோகிராமில் சிவப்பு மட்டும் வலது சுவரில் ஏறியிருந்தால், மெழுகிப் பளபளத்த தரை நெளிவில்லாத சிவப்புத் தாளாகத் தெரியும். அந்தப் பகுதிக்கு மாஸ்க் போட்டு எக்ஸ்போஷரைக் கால் அல்லது அரை ஸ்டாப் இறக்கினால் கோடுகளும் வெடிப்புகளும் திரும்பும்.

ஒரே அறையில் இரண்டு வெளிச்சம் இருப்பது இன்னொரு சிக்கல். வெயில் நேராக விழும் இடம் 5,300 கெல்வினைச் சுற்றி இருக்கும். கூரை இடிந்த ஓட்டை வழியாக நீலவானம் மட்டும் எட்டிப்பார்க்கும் மூலை 7,500-க்கு மேல் போகும். ஷேடோவை ஏற்றியதும் மூலை நீலமாகிறது என்று பலர் கேட்பதற்குக் காரணம் இதுதான். கேமராவில் கோளாறில்லை. மூலைக்கு மாஸ்க் போட்டுச் சூட்டைக் கூட்டுங்கள், ஆனால் முழுக்கச் சமன் செய்ய வேண்டாம். பாதி நீலம் மிச்சமிருந்தால்தான் அங்கே வெயில் படவில்லை என்பது தெரியும்.

அசைவதெல்லாம் பேயாக, அதாவது மங்கலான இரட்டை உருவமாக வரும். ஜன்னலில் ஏறிய உண்ணிச்செடி, சுவரில் முளைத்த அரசங்கன்று, புறா. லைட்ரூமில் இதை நீக்கும் டீகோஸ்ட் வசதியை ‘லோ’விலிருந்து தொடங்கி, ஓவர்லேயை இட்டு எவ்வளவு இடம் சிவப்பாகிறது என்று பாருங்கள். சிவப்பாகும் இடமெல்லாம் ஒரே படத்திலிருந்து எடுக்கப்படுகிறது, அதனால் அங்கே இரைச்சல் கூடும். இலைக்காக ‘ஹை’ வைத்தால் அறைச் சுவரிலும் திட்டுத்திட்டாக இரைச்சல் வரும். டீகோஸ்டை அணைத்துச் சேர்த்துவிட்டு, செடியை மட்டும் ஒரே படத்திலிருந்து மாஸ்க்கில் ஒட்டுவது சுத்தம். மேகம் நடுவில் சூரியனை மறைத்த வரிசையை மட்டும் எதுவும் காப்பாற்றாது. காத்திருந்து மறுபடி எடுக்க வேண்டும்.

க்ளாரிட்டியை 15-க்கு மேல் போக விடாதீர்கள். உரிந்த சுண்ணாம்பின் ஓரத்தில் இயற்கையாகவே மெல்லிய நிழல் இருக்கிறது. க்ளாரிட்டி அதைக் கரிக்கோடாக்கி, சுவர் முழுக்கப் புகை பிடித்ததுபோலக் காட்டும். டெக்ஸ்சர் 20, 25 தாங்கும்.

ஏற்றுமதி வரை 16 பிட் டிஃப்பில் இருங்கள். 8 பிட்டில் சுவரின் மெல்லிய மங்கல் படிக்கட்டாக உடையும். இணையத்துக்கு எஸ்.ஆர்.ஜி.பி., நீளப் பக்கம் 2,048 புள்ளி, திரைக்கான ஷார்ப்பனிங் போதும். லைட்ரூம் 2023 அக்டோபரிலிருந்து எச்.டி.ஆர். திரைக்கான தனித் திருத்தத்தையும் தருகிறது. அதைப் பயன்படுத்தினால் ஜன்னலை மட்டும் வெள்ளைக்கு மேல் ஒரு ஸ்டாப் விடுங்கள், சுவரைத் தொடாதீர்கள். சாதாரணத் திரையில் எப்படித் தெரிகிறது என்று முன்னோட்டத்தையும் பாருங்கள்.

மெட்டாடேட்டாவில் ‘இருப்பிடத் தகவலை நீக்கு’ என்பதை டிக் செய்தே ஏற்றுமதி செய்யுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டின் தேக்குக் கதவுக்கும் கொட்டகையின் இரும்புக்கும் வாங்க ஆள் உண்டு, துல்லியமான இடத்தை நாமே சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. தங்கவயலில் சுரங்க வளாகத்துக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் பழைய ஷாஃப்டுகளை (சுரங்கக் குழிகளை) ஒட்டிய தரையில் ட்ரைபாட் ஊன்றாதீர்கள். மேலே புல் மூடியிருப்பதால் கீழே என்ன இருக்கிறதென்று தெரியாது.