அப்பாவின் கஞ்சி

போன தை மாதம் அப்பாவுக்கு மலக்குடலில் ஆபரேஷன். கட்டியை எடுத்துவிட்டு, உள்ளே போட்ட தையல் ஆறும்வரை சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே திறந்து பை மாட்டியிருந்தார்கள். பாளையங்கோட்டையில் பத்து நாள் இருந்தோம். மறுநாளே தண்ணீர், அப்புறம் பால், இட்லி என்று டாக்டர் ஆரம்பித்துவிட்டார். காற்றுப் பிரியும்வரை பட்டினி போடுகிற வழக்கத்தை 1990களிலேயே டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் என்ற சர்ஜன் மாற்றத் தொடங்கிவிட்டாராம், அது எங்கள் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் அத்தை கைக்குப் போனது. "ஏல, வயித்தக் கீறியிருக்கு, கட்டியா எதையும் கொடுக்கப்பிடாது." மூன்று வேளையும் புழுங்கலரிசிக் கஞ்சி, அதிலும் தெளிந்த தண்ணி மட்டும், ரெண்டு கல் உப்பு போட்டு. பாசம்தான், யார் இல்லையென்றது? ஆனால் இரண்டு வாரத்தில் அப்பாவின் கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது.

டயட்டீஷியன் சொன்ன கணக்கை அத்தை முன்னால் காலண்டர் தாளின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். உடம்பு எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். அப்பா 58 கிலோ, குறைந்தது 70 கிராம் வேண்டும். புண் ஆற அதுதான் சரக்கு. கஞ்சித் தண்ணியைக் குடம் குடமாகக் குடித்தாலும் அது வராது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, முள்ளெடுத்த மீன் நூறு கிராமில் 20 பக்கம். அத்தை தாளை வாங்கி ரெண்டு தடவை பார்த்தாள். மறுநாள் குழைந்த சோற்றில் பாசிப்பருப்பு, அவித்த முட்டை. ஒரே மூச்சில் முடியாது என்பதால் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடுத்தோம்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இளநீர் குலையோடு வந்தார்கள். சிறுகுடலிலேயே பை வைத்தால் பெருங்குடல் உறிஞ்ச வேண்டிய தண்ணீரும் உப்பும் பையோடு போய்விடும். இளநீரில் சோடியம் குறைவு, அதையும் வெறும் தண்ணீரையும் நிறையக் குடித்தால் பை இன்னும் வேகமாக நிறையும். அதனால் எங்களுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். கரைசல்தான். பையில் சேர்வது ஒரு நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் போன் பண்ணச் சொல்லியிருந்தார்கள். அத்தையின் கஞ்சியில் சரியாக இருந்தது அந்த ரெண்டு கல் உப்பு ஒன்றுதான்!

உடன்குடி மாமா வேறு ஒரு கட்டுப் பனங்கிழங்கு கொண்டுவந்து வைத்துவிட்டார். அப்பா அதை உரித்து, நடுநரம்பை இழுத்துப் போட்டு, வாய் வரைக்கும் கொண்டுபோய்விட்டார், நான்தான் பிடுங்கினேன். அந்த நார் போய் பை வாயில் அடைத்தால் திரும்ப ஆஸ்பத்திரிதான். தேங்காய்ச் சில்லு, சோளம், காளான், தோலோடு பழம் எல்லாவற்றுக்கும் அதே தடை.

ஆறு வாரம் கழித்து அத்தை சொதி வைத்தாள், தேங்காய்ப்பாலை ஒட்டப் பிழிந்து வடிகட்டி, உருளைக்கிழங்கும் கேரட்டும் மட்டும் போட்டு. அப்பா கரண்டியால் கிண்டிப் பார்த்துவிட்டு, "முருங்கைக்காய் எங்கட்டி?" என்றார்.