இளம் டிஃபென்ஸ்மேனை எடைபோடும்போது

ஐஸ் ஹாக்கியில் 17, 18 வயது டிஃபென்ஸ்மேனை, அதாவது தற்காப்பு ஆட்டக்காரனைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கோல், அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்) கணக்கை மூடி வையுங்கள். பக் (ஆடும் ரப்பர் வட்டு) அவன் பக்கத்து மூலைக்குப் போய், எதிரணி ஃபார்வர்டு (தாக்குதல் ஆட்டக்காரன்) துரத்தி வருகிற அந்தச் சில நொடிகள்தான் முக்கியம். பக்கைத் தொடுமுன் இரண்டு தடவையாவது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா? பார்க்காதவன் பதறிப்போய் போர்டு (ஆடுகளத்தின் சுற்றுச்சுவர்) ஓரமாகக் குருட்டடி அடிப்பான். ஜூனியர் ஆட்டத்தில் தப்பிக்கலாம், வட அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லில் அது நேராக எதிராளி மட்டைக்கே போகும்.

அடுத்தது, பின்னோக்கிச் சறுக்கும்போது விடுகிற இடைவெளி. தன் அணியின் தற்காப்புப் பகுதி தொடங்கும் நீலக்கோட்டை நெருங்கும்போது எதிராளி ஏறக்குறைய ஒரு மட்டை நீளத்துக்குள் இருக்க வேண்டும். சீக்கிரமே பின்வாங்குகிறவனுக்குப் பெரும்பாலும் தன் திருப்பத்தில் நம்பிக்கை இல்லை. இடம், வலம் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் திரும்புகிறானா என்று தனியாகக் கவனியுங்கள். ஒரு பக்கம் தடுமாறினால் எதிராளிகள் அந்தப் பக்கமாகவே வருவார்கள்.

ஷாட் வேகம், உடல் எடை எல்லாம் பிறகு வரும். டிஃபென்ஸ்மேன் முதிர நாளாகும், தயவுசெய்து பொறுங்கள். என்ஹெச்எல்லின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பையை ஏழு முறை வென்ற நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமை 1989 டிராஃப்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) 53ஆவதாகத்தான் எடுத்தார்கள். அதே கோப்பையை வென்ற டங்கன் கீத் 2002இல் 54ஆவது.