உறுதியில் ஒரு றூட்

கொழும்பில் ஒரு நொத்தாரிசின் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்த முதல் மாதம். ஒரு காணி உறுதியின் ஆங்கிலப் பிரதியில் 1 றூட், 20 பேர்ச் என்று இருந்தது. றூட் என்ற சொல்லை நான் அதற்கு முன் கண்டதில்லை. ரோட் என்பதைத்தான் தட்டச்சில் பிழைவிட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, வீதி என்று எழுதிவிட்டேன். கையொப்பத்துக்குப் போகுமுன் கிளாக்கர் ஐயா பார்த்தார்.

"தம்பி, இது வீதி இல்லை, கால் ஏக்கர். இப்பிடியே போயிருந்தா அந்த அம்மாவின்ர அறுபது பேர்ச் காணி இருபதாச் சுருங்கியிருக்கும்" என்றார்.

40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர். நான் வளர்ந்த யாழ்ப்பாணத்துக் கணக்கில் ஒரு றூட் 4 பரப்பு. அன்றே மனப்பாடம் செய்துகொண்டேன். ஆனாலும் அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. இரவு அகராதியைத் திறந்தால், முதல் பொருளாகச் சிலுவை என்று போட்டிருந்தது.

பழைய ஆங்கிலத்தில் அதன் உச்சரிப்பு ரோட். நான் எழுதிய வீதிக்கும் அதற்கும் உறவில்லை. கம்பு, மரக்கோல் என்பதுதான் அடிப்படைப் பொருள். ஜெர்மன் மொழியில் இன்றும் ரூட்டெ என்றால் கோல். இங்கிலாந்துக்குக் கிறிஸ்தவம் வந்தபோது, இயேசு தொங்கிய மரத்துக்கு அந்த மக்கள் தங்கள் சொந்தச் சொல்லையே வைத்தார்கள். இலத்தீன் வழியில் வந்த கிராஸ் பின்னால்தான் அதன் இடத்தைப் பிடித்தது. நமக்குச் சிலுவை சிரியாக் மொழியிலிருந்தும், குருசு போர்த்துக்கீசத்திலிருந்தும் வந்தவை. அவர்களோ வீட்டுச் சொல்லாலேயே கும்பிட்டிருக்கிறார்கள்.

பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றில் அந்த மரமே பேசுகிறது. காட்டோரத்தில் வெட்டப்பட்டேன், என்னைத் தூக்குமரமாக்கினார்கள், ஆண்டவர் என்மேல் ஏற வந்தார், எதிரிகளை வீழ்த்த என்னால் முடியும், ஆனால் குனியத் துணியவில்லை, நிமிர்ந்து நின்றேன் என்கிறது. கொலைக்கருவியாகும்படி கட்டளையிடப்பட்ட மரத்தின் வேதனை அது. முழுக் கவிதையும் இத்தாலியின் வெர்செல்லி நகரிலுள்ள 10ஆம் நூற்றாண்டுச் சுவடியில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் ரத்வெல் ஊர்க் கற்சிலுவையில் அதன் சில வரிகளை ரூனிக் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அந்த இரவு நான் சாப்பிட மறந்து வாசித்தேன்.

எடின்பரோவின் ஹோலிரூட் அரண்மனைப் பெயரிலும் இதே சொல்தான், புனிதச் சிலுவை என்ற பொருளில். 1128இல் மன்னர் முதலாம் டேவிட் அங்கே நிறுவிய மடத்தின் பெயர் அது.

சரி, சிலுவை எப்படிக் கால் ஏக்கர் ஆனது? ஆகவில்லை. இரண்டுக்கும் தாய் ஒரே கோல்தான். நட்டால் தூக்குமரம், நிலத்தில் கிடத்தினால் அளவை. சோழர் காலத்தில் நிலமளந்த உலகளந்த கோலை நினைத்தால் நமக்கு இது எளிதாக விளங்கும். அளக்கும் தடியின் பெயரே அளந்த மண்ணுக்கும் ஒட்டிக்கொண்டது.

போன மாதம் அதே காணி திரும்பக் கந்தோருக்கு வந்தது. அந்த அம்மா இப்போது இல்லை. மூன்று பிள்ளைகளும் பிரித்துக்கொள்கிறார்கள். மூன்று உறுதிகளையும் நானே தமிழில் எழுதினேன். ஒவ்வொன்றிலும் 0 ஏக்கர், 0 றூட், 20 பேர்ச்.