பாதியில் நின்ற தேன் ஒயின்

ஜாடி மூடியில் செருகும், உள்ளே சேரும் வாயுவைத் தண்ணீர் வழியாக வெளியே மட்டும் விடும் ஏர்லாக்கில் குமிழி வரவில்லை என்றதும் நொதித்தல் நின்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். மூடியோரம் மயிரிழை இடைவெளி இருந்தால் போதும், வாயு அந்த வழியாகப் போய்விடும். ஏர்லாக் சும்மா உட்கார்ந்திருக்கும். இன்னொரு பக்கம், நொதித்தல் உண்மையிலேயே நின்ற பிறகும் அறை கொஞ்சம் சூடானால் உள்ளே கரைந்திருந்த கரியமிலவாயு கிளம்பிக் குமிழி விடும். அதனால் என் முதல் மீட் ஜாடி சத்தமில்லாமல் அடங்கியபோது நான் கேட்டது, மிச்சச் சர்க்கரையைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரின் பேச்சை மட்டும்தான்.

மீட் என்பது தேனைத் தண்ணீரில் கரைத்து ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைக்கும் ஒயின். நான் செய்தது டொராண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவில், வீட்டு பேஸ்மென்டில். ஒன்டாரியோவில் சொந்த உபயோகத்துக்கு ஒயினோ பியரோ வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் இதே வேலையைச் செய்தால் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் வாசலுக்கு வந்துவிடும். க்ளோவர் தேன் 1.4 கிலோ, மொத்தம் 4 லிட்டர் வருமளவுக்குத் தண்ணீர், 71பி என்ற ஒயின் ஈஸ்ட் 5 கிராம் பாக்கெட் ஒன்று. கையில் கிடைத்த செய்முறை, ஈஸ்ட்டுக்குச் சத்து என்று சொல்லி ஒரு கைப்பிடி உலர்திராட்சையும் போடச் சொன்னது. போட்டாயிற்று. ஹைட்ரோமீட்டரில் தொடக்க அளவு 1.106.

ஹைட்ரோமீட்டர் வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். சர்க்கரை கூடினால் எண் ஏறும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன இறங்கும். என்னுடையது முதலில் நன்றாகவே இறங்கியது. அப்புறம் 1.062-இல் வந்து நின்றது. சில நாள் விட்டுப் பார்த்தேன், அதே 1.062. எண்களின் வித்தியாசத்தை 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் ஏறக்குறைய வந்துவிடும்: 0.044-க்கு 5.8 சதவீதம் சொச்சம். 71பி 14 சதவீதம்வரை தாங்கக்கூடிய ஈஸ்ட். ஆக, ஆல்கஹால் கூடிப்போய் ஈஸ்ட் செத்தது என்று சொல்ல வழியில்லை. சாப்பாடு எக்கச்சக்கமாக மிச்சம் இருக்கும்போதே வேலையை நிறுத்தியிருக்கிறது.

இந்த அளவை எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாம்பிளில் வாயு கரைந்திருந்தால் குட்டிக் குட்டிக் குமிழிகள் கண்ணாடித் தண்டில் ஒட்டிக்கொண்டு ஹைட்ரோமீட்டரைத் தூக்கிவிடும். எண் கூடுதலாகத் தெரியும். அதனால் சாம்பிளை டீ ஆற்றுவதுபோல் இரண்டு டம்ளர்களுக்கு இடையே நாலு தடவை ஆற்றிவிட்டு, சிலிண்டரில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டுப் படிக்க வேண்டும். பல ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரிக்கு அளவு வைத்தவை, அதையும் கூட வரும் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்கள் நொதித்தல் தொடங்கிய பிறகு அதை அப்படியே நம்பக் கூடாது; ஆல்கஹால் கலந்ததும் அது வேறு எண்ணைக் காட்டும்.

ஆற்றும்போதுதான் மூக்குக்குத் துப்புக் கிடைத்தது. லேசான அழுகிய முட்டை வாடை. "என்னங்க, கெட்டுப்போச்சா? அப்படியே சிங்க்ல கொட்டிடுங்க" என்றாள் மனைவி, மாடிப்படியில் நின்றபடியே. கெட்டுப்போகவில்லை. நைட்ரஜன் போதாமல் தவிக்கும் ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்பைடு விடும், அந்த வாடைதான் அது. தேனில் சர்க்கரைக்குப் பஞ்சமே இல்லை, நைட்ரஜன்தான் மிகக் கொஞ்சம். திராட்சைச் சாறு தானாகவே ஈஸ்ட்டை வளர்த்துவிடும், தேன் அப்படி இல்லை. உலர்திராட்சை அந்தக் குறையைத் தீர்க்கும் என்பது சும்மா பேச்சு. ஒரு கைப்பிடியில் இருக்கும் நைட்ரஜன் இந்த அளவு சர்க்கரைக்கு எந்த மூலைக்கு? கிலோக் கணக்கில் போட்டால்தான் ஏதாவது நடக்கும், அப்போது அது மீட்டாக இருக்காது.

ஆனால் சத்தைப் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு இருந்தன. ஒன்று குளிர். ஜாடி இருந்தது சிமென்ட் தரையில். அறைக் காற்று பரவாயில்லை, ஆனால் ஜாடியில் ஒட்டிய பட்டைத் தெர்மாமீட்டர் 14 டிகிரி காட்டியது. 71பி-க்குச் சொல்லப்படும் கீழ்வரம்பே 15. ஜாடியை மேலே சமையலறைப் பக்கம் கொண்டுவந்து, அடியில் படிந்த ஈஸ்ட் எழும்புமாறு மெதுவாகச் சுழற்றிவிட்டேன். 20, 21 டிகிரிக்கு வந்தது. எண் 1.060-க்கு இறங்கி மறுபடி நின்றுகொண்டது. குளிரும் ஒரு காரணம், ஆனால் பெரிய காரணம் அது இல்லை.

இரண்டாவது பிஎச், அதாவது அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் கூடுதல். தேன் கரைசலுக்கு அமிலம் சேர்ந்தாலும் பிஎச்-ஐ நிலையாகப் பிடித்துவைக்கும் தாங்குசக்தி கிடையாது. நொதித்தல் தொடங்கியதும் அமிலம் சேர்ந்து பிஎச் சடசடவென்று சரியும். 3-க்குப் பக்கத்தில் போனால் ஈஸ்ட் திணறும். சாதாரண பிஎச் தாள் இதற்கு உதவாது. 2.8 முதல் 4.4 வரை மட்டும் காட்டும் ஒயின் தாள் தனியாகக் கிடைக்கிறது. நனைத்துப் பார்த்தால் நிறம் 3.0 கட்டத்தோடு ஒட்டி நின்றது. இதை ஏற்றப் பொட்டாசியம் பைகார்பனேட் போடலாம். பொட்டாசியம் ஈஸ்ட்டுக்கும் தேவைதான். வீட்டில் இருக்கும் சமையல் சோடாவைப் போட்டாலும் பிஎச் ஏறும், கூடவே சோடியமும் சேர்ந்து குடிக்கும்போது உப்புக் கரிக்கும். வேண்டாம்.

போடுவதில்தான் வேடிக்கை. எந்தப் பொடியாக இருந்தாலும் கரைந்த வாயு அதைப் பிடித்துக்கொண்டு ஒரே மூச்சில் மேலே கிளம்பும். இதுவோ பைகார்பனேட், அமிலத்தோடு சேர்ந்து தானும் வாயு விடுகிற சாதி. முன்கூட்டியே ஜாடியைச் சுழற்றிச் சுழற்றி வாயுவைப் போக்கியிருந்தேன், ஜாடியை சிங்க்குக்குள்ளேயும் வைத்திருந்தேன். கால் டீஸ்பூனைக் கொஞ்சம் மீட்டிலேயே கரைத்து ஊற்றியும், நுரை புஸ்ஸென்று கழுத்துவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கியது. பொடியாகவே கொட்டியிருந்தால் கூரையைத்தான் துடைத்திருக்க வேண்டும். மறுநாள் இன்னொரு கால் டீஸ்பூன். தாளின் நிறம் 3.4 பக்கம் வந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது சத்து. டிஏபி எல்லோருக்கும் தெரிந்த பெயர், நம் ஊர் வயலுக்குப் போடும் அதே டை அம்மோனியம் பாஸ்பேட்தான். ஒயின் கடையில் உணவுத்தரத்தில் விற்கிறார்கள். ஆனால் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்தபின் அதைப் போடுவதை மீட் செய்பவர்கள் தவிர்க்கிறார்கள், நான் அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தேன். ஆல்கஹால் 9 சதவீதத்தை நெருங்கினால் ஈஸ்ட்டால் நைட்ரஜனை உள்ளே இழுக்கவே முடியாது. அந்தக் கட்டத்துக்கு இன்னும் இடம் இருந்தது. ஆகவே எளிய வழி: ரொட்டி செய்யும் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஊற்றினேன். செத்த ஈஸ்ட்டை உயிருள்ள ஈஸ்ட் தின்னும். கேட்க ஒரு மாதிரி இருக்கும், கடையில் விலை கொடுத்து வாங்கும் ஃபெர்மெய்ட்-ஓ என்பதும் செயலிழந்த ஈஸ்ட்டில் செய்ததுதான்.

ஒயின் சாமான் கடையில் கேட்டபோது, ஷாம்பேன் ஈஸ்ட்டான ஈசி-1118 ஒரு பாக்கெட்டை அப்படியே கொட்டச் சொன்னார்கள். 18 சதவீதம்வரை தாங்கும் முரட்டு ஈஸ்ட்தான். ஆனால் அமிலமும் ஆல்கஹாலும் உள்ள, சத்தில்லாத கரைசலில் உலர்ந்த ஈஸ்ட்டைத் தூவினால் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடும். போடுவதானால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எழுப்பி, நின்றுபோன மீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்துப் பழக்கி, நுரைக்க ஆரம்பித்த பிறகுதான் ஜாடியில் விட வேண்டும். பாக்கெட்டை வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். தேவைப்படவில்லை.

சத்து ஊற்றிய மறுநாளே எண் 1.057. அதற்கடுத்து 1.052. முட்டை வாடை, தினமும் சுழற்றிவிட்டதில், மெல்லப் போய்விட்டது. 1.020-க்குக் கீழே வேகம் குறைந்தது, அது வழக்கம்தான். அதற்கு மேல் எதையும் போடவில்லை. கடைசியில் 1.004-இல் நின்றது, 13.4 சதவீதம் சொச்சம். ஈஸ்ட்டின் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நின்றதால் இந்த முறை கவலையில்லை.

ஒன்றே ஒன்றைச் சொல்ல வேண்டும். 1.062-இல் நின்றபோது, "இனிப்பாக நன்றாகத்தானே இருக்கிறது, பாட்டிலில் அடைத்துவிடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். அடைத்திருந்தால் வெயில் காலத்தில் ஈஸ்ட் விழித்து, அவ்வளவு சர்க்கரையையும் வாயுவாக்கிப் பாட்டில்களை வெடிக்கவைத்திருக்கும். ஒயினில் போடும் பாதுகாப்புப் பொருளான பொட்டாசியம் சார்பேட் போட்டாலும் அது ஈஸ்ட் பெருகாமல் தடுக்குமே தவிர, ஓடிக்கொண்டிருக்கும் நொதித்தலை நிறுத்தாது. இப்போது ஜாடி தெளிவதற்காக மறுபடி பேஸ்மென்டில் இருக்கிறது, குளிர் இந்தக் கட்டத்தில் நல்லதுதான். ருசி இன்னும் தொண்டையைக் கொஞ்சம் எரிக்கிறது, மாதக்கணக்கில் ஆற வேண்டும். அடுத்த ஜாடிக்கு ஃபெர்மெய்ட்-ஓ வாங்கியாகிவிட்டது: நாலு பங்காகப் பிரித்து 24, 48, 72 மணி நேரத்தில் மூன்று பங்கு, எண் 1.071-க்கு வரும்போது கடைசிப் பங்கு. உலர்திராட்சை பாயசத்துக்கு.