கொருக்குப்பேட்டைத் தண்டவாள ஓரத்துத் துத்தி

ஹாலிஹாக் என்ற பூச்செடியின் விதையை வாங்கிப் போட்டுவிட்டு, செடி வாடியதும் தண்ணீரைக் குறை சொல்வார்கள். தண்ணீர் மட்டும் காரணமில்லை. அதன் காட்டு இனங்களில் ஒன்றான அல்சியா செட்டோசா, மத்தியதரைக் கடலின் கிழக்குப் பக்கத்துப் பாறைச் சரிவுகளிலும் வயலோரங்களிலும் வளர்வது. குளிர்கால மழையில் வளர்ந்து, வெயில் ஏறும் மாதங்களில் பூக்கும். அந்தக் குளிர் சென்னையில் ஏது?

அதே செம்பருத்திக் குடும்பத்துத் துத்தியோ கொருக்குப்பேட்டைத் தண்டவாள ஓரத்தில், செங்கல் ஜல்லி கொட்டிய மண்ணில், யாரும் ஊற்றாமலே ஆளுயரம் நிற்கிறது. நல்ல வெயிலும் நீர் வடியும் மண்ணும் போதும். எண்ணூர்க் கழியோரச் சேற்றில் தேட வேண்டாம், அங்கே உப்பு மண் தாங்கும் உமரிதான் வளரும்.

இதய வடிவ இலை, தொட்டால் வெல்வெட். மஞ்சள் பூ பிற்பகலுக்கு மேல்தான் விரியும், அதனால் காலையில் போனால் மொட்டுகளைத்தான் பார்ப்பீர்கள். செம்பருத்தி, பூவரசு போலவே மகரந்தத் தாள்கள் ஒட்டிக் குழாயாக இருக்கும். ஹாலிஹாக்கில் பூவின் அடியிலுள்ள பச்சைப் புல்லி வட்டத்துக்கு வெளியே இன்னொரு பச்சை வட்டம் உண்டு. துத்தியில் அது கிடையாது. காய் பல்சக்கரம் மாதிரி, முற்றினால் கறுத்து வெடிக்கும்.

கறுத்த காயைத்தான் பறிக்க வேண்டும். விதைத் தோல் கடினம், தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே விதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உப்புத்தாளில் நான்கைந்து முறை மெதுவாகத் தேய்த்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். மிதப்பவை பெரும்பாலும் பொக்கு. சிவப்பும் கறுப்புமான பருத்திப் பூச்சி சாறு உறிஞ்சியிருக்கும். ஊறி உப்பியதை ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், நிரந்தரமாக வைக்கப்போகும் தொட்டியிலேயே போடுங்கள். ஆணிவேர் அறுந்தால் செடி தேறுவது கஷ்டம். ஓரடி ஆழத் தொட்டியில் இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், அரைப் பங்கு மக்கிய எரு. எரு கூடினால் இலைதான் தழைக்கும். நம் பக்கத்து போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இலை ஓரம் கருகும், மெட்ரோ தண்ணீரே நல்லது.

துத்திக் கீரை நல்ல கீரைதான். ஆனால் தண்டவாள ஓரத்திலும் எண்ணூர் நிலக்கரிச் சாம்பல் படியும் இடத்திலும் பறித்ததைச் சமைக்காதீர்கள். அங்கிருந்து விதை மட்டும் எடுங்கள், கீரையை உங்கள் தொட்டியில் பறியுங்கள்.